குதிரை வாங்குமுன் இரத்தப் பரிசோதனை

ஓசூருக்கும் குதிரைக்கும் நெடுநாளைய தொடர்பு உண்டு. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதாகும். மூக்கண்டப்பள்ளியிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே 2023-ல் ஒரு குதிரைக்கு கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் கண்டறியப்பட்டது. எனவே எல்லை தாண்டிக் குதிரை, கழுதை வாங்குவோர் இந்நோயைப் பற்றி அறிந்திருப்பது அவசியம்.

அறிகுறிகள்

இது ஒருவகை பாக்டீரியாவால் வருகிறது. காய்ச்சல், மூக்கிலிருந்து மஞ்சள் நிறமான பிசுபிசுப்பான சளி, மூக்கினுள் புண், இருமல், தாடைக்கடியில் வீக்கம் ஆகியவை தோன்றும். கால்களில் கட்டிகள் கயிற்று முடிச்சுகள்போல் வரிசையாக எழும்பி உடைந்து சீழ் வடியும். கழுதைகள் விரைவில் இறந்துவிடும். குதிரைகளோ பல மாதங்கள் நோயைத் தாங்கி நிற்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும் குதிரையும் தீவனம், தண்ணீர்த் தொட்டி வழியாக நோயைப் பரப்பலாம். மனிதருக்கும் இந்நோய் தொற்றும், உயிருக்கும் ஆபத்து.

பரிசோதனை

கால்நடை மருத்துவர் கழுத்து நரம்பிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, குளிர்ந்த நிலையில் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவார். முதலில் எலிசா சோதனை செய்யப்படும். அதில் நோய்க்குறி தெரிந்தால், அரியானா மாநிலம் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையத்தில் மறுசோதனை செய்து உறுதி செய்வர். நோய் தொற்றிய ஆரம்ப நாட்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே புதிய பிராணியை ஒரு மாதம் தனியே கட்டி, மீண்டும் சோதிப்பது நல்லது.

நோய் உறுதியானால்

இதற்குத் தடுப்பூசி இல்லை. மருந்து கொடுத்தால் அறிகுறி மறையலாம். கிருமி உள்ளேயே தங்கிவிடலாம். ஆகவே 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பிராணியை வலியின்றிக் கொன்று, ஆழமாகப் புதைக்க வேண்டும். பிழைப்புக்கு உதவிய பிராணியை இழப்பது வேதனைதான். இதற்கு அரசு இழப்பீடு உண்டு. விவரத்தைக் கால்நடை மருத்துவமனையில் கேட்டறியலாம். இழப்புக்கு அஞ்சி நோயை மறைத்தால் மற்றப் பிராணிகளோடு வீட்டாருக்கும் கேடு வரும்.

கவனிக்க வேண்டியவை

1. பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையை விலை மலிவென்று வாங்கக் கூடாது.
2. தண்ணீர் வாளி, சேணம், கடிவாளம் ஆகியவற்றை மற்றவர் குதிரையோடு பகிரக் கூடாது.
3. சளி, சீழ் வடியும் பிராணியை வெறுங்கையால் தொடக் கூடாது. சந்தைக்கும் ஓட்டக் கூடாது.
4. சந்தேகம் எழுந்த அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.