முதுகில் வலியா, காலில் வலியா?

கடுமையான இடுப்புவலியால் ஸ்கேன் எடுத்து, ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ், நரம்பில் அழுத்தம்’ என்ற அறிக்கையோடு ஒருவர் வீடு திரும்பினால் அங்கே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ‘ஜவ்வு விலகிடுச்சு, ஆபரேஷன் பண்ணாத்தான் சரியாகும்’ என்பது ஒரு கட்சி. ‘முதுகுல கத்தி வச்சா அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது’ என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே வலியின் கடுமையையும் ஸ்கேன் அறிக்கையின் வாசகத்தையும் வைத்துத்தான் வாதாடுகின்றன. கடந்த 40 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் படித்தால், அறுவைசிகிச்சை பலன் தருமா என்பதை அந்த இரண்டும் தனியாகச் சொல்லிவிடுவதில்லை என்று தெரிகிறது. வலி முதுகோடு நிற்கிறதா, காலில் இறங்குகிறதா, இறங்கினால் எத்தனை வாரமாக இறங்குகிறது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

வாதத்துக்குள் போகும் முன் ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே யோசிக்க நேரமில்லை. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று பொருள் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மணிக்கணக்கு முக்கியம். பாதம் தொங்கிப்போய், அந்தப் பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத உடல் இளைப்பு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றோடு வரும் முதுகுவலியும் தனிக் கதை. இனி பேசப்போவது இவை எதுவும் இல்லாத, ஆனால் வாழ்க்கையை முடக்கிப்போடும் வலியைப் பற்றி.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில் வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ் போன்ற பகுதி. வளையம் கிழிந்து கூழ் பின்பக்கமாகப் பிதுங்கினால், அங்கிருந்து காலுக்குப் போகும் நரம்பின் வேரில் போய் முட்டும். இதுதான் காலில் இறங்கும் சயாடிகா வலிக்கு முக்கியக் காரணம் என்பதை 1934-ல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டால் நரம்பு விடுபடும், கால்வலி குறையும் என்ற தர்க்கம் அன்று தொடங்கியது. சிறு கீறல் வழியாகத் துண்டை எடுக்கும் இன்றைய மைக்ரோடிஸ்கெக்டமி வரை அதுவேதான் அடிப்படை. இந்த அறுவைசிகிச்சை நரம்பை விடுவிக்கிறது, அவ்வளவுதான். தேய்ந்த டிஸ்க்கைப் புதிதாக்குவதோ, தசைக்குப் பலம் கொடுப்பதோ அதன் வேலை அல்ல. ஆகவே நரம்பு சிக்கியிருக்கிறது என்பதற்கு உடம்பில் சாட்சி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு பாதிக்கப்படும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் வழியாகப் பெருவிரலுக்கு வலி போகும். பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். அதற்கு அடுத்த டிஸ்க் என்றால் கெண்டைக்கால், பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரல் என்று வலி போகும். நுனிக்காலில் நிற்பது சிரமமாகும். படுத்தபடி காலை நீட்டித் தூக்கும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் வலி இறங்குகிறதா என்று மருத்துவர் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஸ்கேன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சிக்கலே ஸ்கேனில்தான் இருக்கிறது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது 52 சதவீதம் பேருக்கு, டிஸ்க் பல்ஜ் இருந்தது. 27 சதவீதம் பேருக்கு அதைவிடப் பெரிய பிதுக்கம். 2015-ல் இதுபோன்ற 33 ஆய்வுகளைத் தொகுத்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களை அலசினார்கள்: டிஸ்க் தேய்மானம் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். ‘தேய்மானம்’ என்ற சொல்லை அறிக்கையில் பார்த்ததும் பதறும் 50 வயதுக்காரர், தன் வயதுக்காரர்களில் வலியே இல்லாத பெரும்பாலோருக்கும் அதே சொல் எழுதப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு கொஞ்சம் குறும்பானது. காலில் இறங்கும் வலியுள்ள 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் 10 வெவ்வேறு மையங்களுக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்தார்கள். பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 விதமான குறைபாடுகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. ஸ்கேன் வீண் என்று இதற்குப் பொருளில்லை. கால் சொல்லும் கதையும் படம் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்கும்போதுதான் படத்துக்கு மதிப்பு.

அப்படி இரண்டும் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே அறுவைசிகிச்சையா? நார்வேயில் ஹென்ரிக் வெபர் 1983-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதல் விடை. அறுவை வேண்டுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத 126 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 10 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நான்காம் ஆண்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பத்தாம் ஆண்டிலும் அப்படியே. 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதை இன்னும் துல்லியமாக்கியது. 6 முதல் 12 வாரமாகக் கடும் சயாடிகாவால் அவதிப்பட்ட 283 பேரில் ஒரு பாதிக்கு விரைவில் அறுவை. மறுபாதிக்கு மாத்திரை, பயிற்சி, பொறுமை. முதல் பிரிவில் நலம்பெற ஆன காலத்தின் இடைநிலை அளவு 4 வாரம், இரண்டாம் பிரிவில் 12 வாரம். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் நடுவில் பொறுக்க முடியாமல் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மீதிப்பேருக்கு அந்த ஓராண்டில் கத்தி தேவைப்படவில்லை. ஆக, பொருத்தமானவருக்கு அறுவைசிகிச்சை பெற்றுத் தருவது முக்கியமாகக் காலம்: சுமார் எட்டு வாரம்.

கத்தியில்லாமல் எப்படித் தேறுகிறார்கள்? பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்நியப் பொருளாகப் பாவித்து மெல்ல மெல்லத் தின்று கரைத்துவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், டிஸ்க்கிலிருந்து முற்றிலும் பிரிந்து விழுந்த துண்டுதான் அதிகம் கரைகிறது. சாதாரண பல்ஜ் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ‘ஆய்வில் ஒரு கட்சியிலிருந்து மறுகட்சிக்கு இவ்வளவு பேர் தாவினால் ஒப்பீட்டுக்கு என்ன மதிப்பு’ என்று அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 501 பேரைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான ‘ஸ்போர்ட்’ ஆய்வு இதில் மாட்டிக்கொண்டது: அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்று மாதத்தில் பாதிப்பேர்தான் செய்துகொண்டார்கள், ஒதுக்கப்படாதவர்களில் 30 சதவீதம் பேர் செய்துகொண்டார்கள். ஒதுக்கீட்டின்படி கணக்கிட்டால் பெரிய வித்தியாசமில்லை. உண்மையில் என்ன செய்துகொண்டார்கள் என்று கணக்கிட்டால் அறுவைக்கே வெற்றி. இரண்டு கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆனாலும், காத்திருந்த பிரிவிலும் பெரும்பாலோருக்கு வலி கணிசமாகக் குறைந்தது என்பதை எந்தக் கணக்கும் மாற்றவில்லை. ‘சரி, எவ்வளவு நாள்தான் காத்திருப்பது’ என்பது அடுத்த கேள்வி. 2020-ல் வெளியான கனடா ஆய்வு 4 முதல் 12 மாதமாகச் சயாடிகா நீடித்த 128 பேரை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து, பத்துக்குக் கால்வலி அறுவைப் பிரிவில் 2.8, மற்ற பிரிவில் 5.2. காத்திருப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு வாரம் பொறுப்பது விவேகம். நான்கு மாதம் தாண்டியும் பிடிவாதமாகப் பொறுப்பதில் எனக்குப் பெரிய விவேகம் தெரியவில்லை.

‘கத்தி வைத்தால் நடக்க முடியாது’ என்ற பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லலாம். இடுப்புப் பகுதி டிஸ்க் அறுவையில் கால் செயலிழப்பது மிக அரிது. தண்டுவடம் பெரும்பாலானோருக்கு முதல் இடுப்பெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்கள்தான். உண்மையான ஆபத்துகள் வேறு: நரம்பைச் சுற்றிய உறை கிழிவது, கிருமித் தொற்று, அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது. கடைசியில் சொன்னது அப்படியொன்றும் அரிதல்ல. இரண்டாம் அறுவை வரை கொண்டுபோகக்கூடியது.

இதுவரை சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் கால்வலிக்குத்தான். வலி முதுகோடு நின்றுவிட்டால் கதை தலைகீழ். தேய்ந்த டிஸ்க்குக்கு இருபுறமும் உள்ள இரண்டு எலும்புகளைத் திருகாணியும் கம்பியும் வைத்து ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் அறுவைசிகிச்சை இதற்கும் சிபாரிசு செய்யப்படுகிறது. 2001-ல் வெளியான, ஸ்வீடனில் 294 பேரிடம் நடந்த ஆய்வு அதற்கு ஆதரவாக வந்தது: இரண்டாண்டில் முதுகுவலி அறுவைப் பிரிவில் 33 சதவீதம் குறைந்தது, மற்ற பிரிவில் 7 சதவீதம். ஆனால் அந்த மற்ற பிரிவுக்குக் கிடைத்தது, ஏற்கெனவே பலனளிக்காத வழக்கமான ஃபிசியோதெரபிதான். 2005-ல் வெளியான, பிரிட்டனில் 349 பேரிடம் நடந்த ஆய்வில், தினமும் வந்து செய்யும் தீவிர உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் ஆலோசனையையும் எதிர்ப்பக்கம் நிறுத்தியதும் அறுவையின் மேன்மை கிட்டத்தட்டக் காணாமல் போனது. நார்வேயின் சிறிய ஆய்வு ஒன்றும் அதையே சொன்னது. 2016-ல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, வெறும் முதுகுவலிக்கு ஃப்யூஷனை ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்றே எழுதிவிட்டது. எலும்பு முறிவு, கூன், எலும்பு நகர்ந்து நிலைகுலைவது போன்றவற்றுக்கு ஃப்யூஷன் தேவைப்படலாம். அந்த வழக்கு வேறு. முதுமையில் நரம்புப் பாதை குறுகி, நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகும் நிலையில்கூட, எலும்பை விலக்கி இடம் கொடுப்பதே போதும், இணைப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று 2016-ல் வெளியான, ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வு சொன்னது.

‘எனக்குத் தெரிந்தவர் திருகாணி வைத்துக்கொண்டு இன்று நன்றாக நடக்கிறாரே’ என்பவருக்கு என்ன பதில்? அவர் நன்றாக நடப்பது உண்மைதான். எதனால் என்பதுதான் தெரியாது. முதுகுவலி ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் அறுவைக்குச் சம்மதிக்கிறார், உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம். மேலும் அறுவை அரங்குக்குப் போய்வருவதே வலியைக் குறைக்கும். எலும்பு மெலிந்து நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சையை, செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்த போலிச் சிகிச்சையோடு 2009-ல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றும் அமெரிக்கா தலைமையிலான குழு ஒன்றும் வெளியிட்ட ஆய்வுகளில் தனித்தனியாக ஒப்பிட்டார்கள். இரண்டு ஆய்விலும் உண்மைச் சிகிச்சை போலியை வெல்லவில்லை. அதற்கு முன்பு எத்தனையோ பேர் சிமென்ட்டால்தான் எழுந்து நடந்ததாகச் சத்தியம் செய்திருப்பார்கள்.

இருப்பதிலேயே வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் அருகிலேயே பயிற்சி மையமும் உள்ள நாடுகளில் நடந்தவை. கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை தூக்குபவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் எட்டு வாரம் என்பது எட்டு வாரக் கூலி, அதோடு கந்துவட்டி. அவர்களைப் ‘பொறுத்திருங்கள்’ என்பது சுலபமான அறிவுரை. இதை நான் மறுக்கவில்லை. அதே சான்று அவர்களை வேறு முடிவுக்கு இட்டுச் செல்லலாம் என்றே சொல்வேன். கால்வலி, பரிசோதனை, படம் மூன்றும் பொருந்தி, ஆறு வாரமும் கடந்துவிட்டால், அரசு மருத்துவமனையில் சீக்கிரம் அறுவை செய்துகொள்ள விரும்பும் தொழிலாளியின் கணக்கு, வங்கி அதிகாரியின் கணக்கைவிட நியாயமானது. எத்தனை நாளில் மறுபடி பாரம் தூக்கலாம் என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவருடைய கணக்கே அந்த விடையில்தான் இருக்கிறது. ஆனால் அதே தொழிலாளிக்கு வலி முதுகில் மட்டும் இருந்து, திருகாணி வைக்கச் சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டட்டும். அந்த மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரிக்கும் முன் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.