ஒரு வாசல், இரண்டு எண்கள்

பிராக் நகரில் வீடு தேடிப் போகிறவர் குழம்புவது வாசலுக்கு வந்த பிறகுதான். ஒரே வீட்டு முகப்பில் இரண்டு எனாமல் தகடுகள். சிவப்பில் 233, நீலத்தில் 47. இரண்டும் சரியான எண்களே. முகவரியில் 233/47 என்று சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். நெருதோவா தெருவின் மேட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு மூன்றாவதாகவும் ஓர் அடையாளம் உண்டு. முகப்பிலேயே இரண்டு சூரியன்களைப் பதித்திருக்கிறார்கள்.

மூன்றில் மூத்தது சூரியன்தான். வீடுகளுக்கு எண் இல்லாத காலத்தில் ஊரே சித்திரங்களை வைத்துத்தான் வழி சொன்னது. தங்கச் சாவி வீடு, தங்க லாட வீடு, செங்கழுகு வீடு என்றால் எழுத்தறியாதவருக்கும் புரியும். இதே தெருவின் 12ஆம் எண் வீட்டில் மூன்று பிடில்கள் தொங்குகின்றன. பிடில் செய்யும் குடும்பத்தார் அங்கே வாழ்ந்தார்கள்.

அரசாங்கத்துக்கு இந்த அழகு போதவில்லை. 1770இல் பேரரசி மரியா தெரேசா ஹாப்ஸ்பர்க் நிலங்களில் படைக்கு ஆள் சேர்க்கக் கணக்கெடுப்பு நடத்தினார். ஆண்களை எண்ண வேண்டும், வண்டி இழுக்கும் மாடுகளையும் குதிரைகளையும் எண்ண வேண்டும். அதற்கு முதலில் வீடுகளை எண்ண வேண்டும். சூரியன்களைப் பேரேட்டில் வரிசைப்படுத்த முடியுமா? இன்றைய சிவப்பு எண்ணின் வேர் அந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது. பின்னாளில் எண்களை ஒருமுறை மாற்றிப் போட்டார்கள். முறை மட்டும் மாறவில்லை. ஒரு பேட்டையில் புதிதாக எங்கே வீடு எழும்பினாலும் வரிசையில் அடுத்து நிற்கும் எண் அதற்குக் கிடைக்கும். அதனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் எண்களுக்கு நடுவே சில நூறு இடைவெளி இருந்தால் யாரும் வியப்பதில்லை.

தபால்காரர் படும் பாட்டைத் தீர்க்க வந்தது நீல எண். இது தெரு வரிசைப்படி போகிறது. வெல்தாவா ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருக்களில் எண்கள் ஆற்றுப் பக்கம் தொடங்கும். ஆற்றோடு கூடவே போகும் தெருக்களில் நீரோட்டத் திசையில் ஏறும். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. முன்பின் தெரியாத தெருவில் நின்றாலும், நாலு வாசலைப் பார்த்து ஆறு எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். சிவப்பு எண் ஒரு வீடு எந்த வரிசையில் பிறந்தது என்று சொல்கிறது, நீல எண் அது எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றாமல் போனது எனக்குப் பிடித்திருக்கிறது.

எண்கள் நிலைத்த அளவுக்குப் பெயர்கள் நிலைக்கவில்லை. குதிரை வீரரின் காலணியில் பூட்டும் முள்ளைச் செய்தவர்களின் பெயரால் வழங்கிய தெரு, அங்கே வாழ்ந்த எழுத்தாளர் யான் நெருதாவின் பெயரை 1895இல் பெற்றது. இது அமைதியான மாற்றம். திராட்சைத் தோட்டங்கள் இருந்த மேட்டின் மீது ஏறும் வினோஹ்ராத்ஸ்கா தெருவின் கதை அப்படியல்ல. 1920இல் அது பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் பெயரைத் தாங்கியது. 1940இல், நாஜி ஆக்கிரமிப்பில், பிராக் போரில் மாண்ட பிரஷ்யத் தளபதி ஷ்வெரீனின் பெயர். போர் முடிந்ததும் மறுபடி ஃபோஷ், சிறிது காலத்தில் ஸ்டாலின். 1962இல் ஸ்டாலினையும் கழற்றினார்கள். வீடு மாறாமலே ஒரு பாட்டி ஐந்தாறு முகவரிகளில் கடிதம் வாங்கியிருக்கலாம்.

பெயர்ப்பலகையின் பலம் முழுதாகத் தெரிந்தது அது இல்லாமல் போனபோதுதான். 1968 ஆகஸ்ட் 20 இரவு வார்சா ஒப்பந்தப் படைகள் எல்லை தாண்டி நுழைந்தன. அடுத்த சில நாட்களில் மக்கள் தெருப்பலகைகளையும் வீட்டு எண்களையும் கழற்றினார்கள், சிலவற்றின் மேல் சாயம் பூசினார்கள். கைது செய்ய வருகிறவருக்கு முகவரி கிடைக்கக் கூடாது. வரைபடத்தோடு வரும் சிப்பாய்க்கு வழி தெரியக் கூடாது. பல கிராமங்கள் ஒரே நேரத்தில் தங்கள் பெயரை ‘துப்செகோவோ’ என்று மாற்றிக்கொண்டன. சீர்திருத்தத் தலைவர் துப்செக்கின் பெயர் அது. விட்டுவைத்த, புதிதாகவும் எழுதிவைத்த வழிகாட்டி ஒன்று உண்டு: மாஸ்கோ, 1800 கிலோமீட்டர்.

காலடியில் கிடப்பதையும் பார்க்க வேண்டும். பழைய உருண்டைக் கற்களுக்குச் செக் மக்கள் வைத்த பெயர் ‘பூனைத் தலைகள்’. நடைபாதைகளில் கையகலம்கூட இல்லாத சிறு கனசதுரக் கற்களை வெள்ளை, கருஞ்சாம்பல், இளஞ்சிவப்பு எனக் கோலம்போல் பதிப்பார்கள். தொழிலாளி குந்தியபடி ஒவ்வொரு கல்லையும் கையில் திருப்பிப் பார்த்து, நல்ல முகத்தை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குவார்.

மற்ற முகங்களில் என்ன இருந்தது என்பது 2020இல் தெரிந்தது. வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் கீழ்ப்பகுதியைப் புதுப்பிக்கக் கற்களைப் பெயர்த்தபோது, சில கற்களின் அடிப்புறம் வழவழவென்று மெருகேறி இருந்தது. அதில் ஹீப்ரு எழுத்துகள், துண்டாகிப்போன ஆண்டுகள். யூதர் கல்லறைக் கற்களைக் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அறுத்து நடைபாதைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எழுதிய பக்கம் மண்ணைப் பார்க்க, அறுத்த பக்கத்தின் மேல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் நடந்திருக்கிறது. அந்தக் கற்களை ஷிஷ்கோவிலுள்ள பழைய யூத இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.