"யாரைக் கேட்டு படம் எடுத்தே?"
தெருவில் கேமரா தூக்கினால் வரும் கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது?

ஆனையூர்: விடிந்தும் விடியாத நேரம். டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்ட ஒரு ஆசாமி வந்து நிற்கிறார். மாஸ்டர் டீயை உயரத் தூக்கி ஆற்றுகிறார். "கிளிக்!"

அவ்வளவுதான். பெஞ்சில் இருந்து குரல் வருகிறது.

"யாருய்யா நீ? எந்தப் பேப்பரு? யாரைக் கேட்டு எடுத்தே?"

தெருவில் படம் எடுக்கும் எல்லோரும் ஒரு நாளாவது வாங்கிக் கட்டிக்கொள்ளும் கேள்வி இது. ஆனையூர் ஆனாலும் சரி, அமெரிக்கா ஆனாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே பெஞ்சில் நாலு பேர் கையிலும் செல்போன் இருக்கிறது. நாலிலும் கேமரா உண்டு. அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வருவதில்லை. பெரிய கேமராவைக் கண்டால்தான் சந்தேகம்!

தண்ணி காட்டிய ஜனங்கள்

மதுரைக்குக் கேமரா வந்தது இன்று நேற்று அல்ல. 1858-ம் ஆண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார கேப்டன் இங்கே வந்து படம் எடுத்தார். மீனாட்சி அம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அவர் படத்தில் இருக்கின்றன.

ஆனால் பல படங்களில் ஆளையே காணோம்! காரணம், அன்றைய கேமரா ஒரு படத்தைப் பிடிக்க நெடுநேரம் ஆகும். அதுவரை அசையாமல் நின்ற தூண் படத்தில் விழுந்தது. நடந்துபோன ஜனங்கள் விழவில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவையே அன்று வரவில்லை.

கைக்கு அடக்கமான கேமரா வந்த பிறகுதான் வம்பு. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1950-ல் மதுரைக்கு வந்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு குழந்தையைப் படம் எடுத்தார். அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்தது. படத்தின் கீழே ஊர் பெயர் இருக்கிறது. ஆண்டு இருக்கிறது. குழந்தையின் பெயர் இல்லை.

எடுத்தவருக்குப் பேர். எடுக்கப்பட்டவருக்கு? டீக்கடை பெஞ்சில் இருந்து வரும் கோபத்துக்குள்ளே இந்தக் கேள்விதான் ஒளிந்திருக்கிறது.

தடை உண்டா, இல்லையா?

பொதுத் தெருவில் நின்று, கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்கக்கூடாது என்று பொதுவாகத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. வழியில் போகிறவர் கேமராவைப் பிடுங்குவதற்கும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அதற்காக இஷ்டத்துக்கு எடுக்கலாமா? முடியாது.

ராணுவ இடங்கள், அரசு தடை செய்த இடங்கள் பக்கம் கேமராவைத் திருப்பினால் 1923-ம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் பாயும். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் 2018-ல் செல்போனுக்கே தடை வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கோவில்கள் எல்லாவற்றிலும் செல்போனைத் தடை செய்யும்படி மதுரை ஐகோர்ட்டு கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பெண் தனிமையில் இருப்பதைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தால் ஜெயில்தான். 2013-ல் வந்த இந்தச் சட்டம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவாக இருக்கிறது. முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தண்டனை. விருப்பமில்லாத பெண்ணை விடாமல் பின்தொடர்வதும் தனிக் குற்றம்.

ஆட்டோ சங்கர் வழக்கு

"என்னை என் போக்கில் விடு" என்று சொல்லும் உரிமை உண்டு என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொன்னது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். ஆட்டோ சங்கர் ஜெயிலில் எழுதிய வாழ்க்கைக் கதையை "நக்கீரன்" வெளியிடலாமா என்ற வழக்கு அது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைவதானால் சம்மதம் வேண்டும் என்றது கோர்ட்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள்.

ஜெர்மனியில் இன்னும் கெடுபிடி. 1898-ல் அந்த நாட்டின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்தபோது, இரண்டு போட்டோகிராபர்கள் திருட்டுத்தனமாக உள்ளே புகுந்து பிணத்தைப் படம் எடுத்தார்கள். பெரிய ரகளை ஆயிற்று. ஒருவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்று 1907-ல் சட்டமே வந்துவிட்டது.

மீன்காரம்மா மகன்

சட்டம் பாதி. மீதி, எடுப்பவர் மனசு.

மதுரைக்காரர் பழனிக்குமார் இதற்கு நல்ல உதாரணம். மீன் விற்ற தாயின் மகன். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றி 2017-ல் வந்த "கக்கூஸ்" ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். உழைக்கும் ஜனங்களையே தேடித் தேடிப் படம் எடுப்பவர். தன் தாயையும் எடுத்திருக்கிறார். அவருடைய படக்கட்டுரைகளில் உழைப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அவர்கள் பேச்சு இருக்கிறது. 1950-ம் ஆண்டுப் படத்தில் விட்டுப்போனது இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர், கேமராவைக் கண்டதும் "என்னைய எடுங்கண்ணே" என்று முன்னால் வந்து நிற்பார். அதே மனிதர் மறுநாள் வேலை கிடைக்காமல் ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். அப்போது எடுத்தால் கோபம் வரும். முதல் நாள் அவர் ராஜா. மறுநாள் அப்படி இல்லை. இதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லித்தராது.

ஆனையூரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வெளியாள் உள்ளே போக அதிகாரிகள் அனுமதி வேண்டும். அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அங்கே வாசலில் துணி காயப்போடும் அம்மாவுக்கு அது வீடு. அவரிடமும் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்.

திரும்பவும் டீக்கடை

கேள்வி கேட்டதும் ஓட்டம் பிடித்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். நின்று, "அண்ணே, நீங்க ஆத்துற அழகு நல்லாருந்துச்சு, அதான்" என்று படத்தைக் காட்டினால் பாதிக் கோபம் இறங்கிவிடும். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவது நல்லது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், நாளைக்கும் அதே கடையில் டீ குடிக்க வேண்டுமே!

வேண்டாம் என்று சொல்லாதவர் பெரும்பாலும் சொல்வது இதுதான்:

"எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுப்பியா தம்பி?"

கொடுப்பதாகச் சொன்னால், கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அடுத்து கேமராவோடு அந்தப் பக்கம் வருகிறவரிடம் கேள்வி கேட்பதும் அதே பெஞ்சுதான்.