கையிலா, இடுப்பிலா?

"சிஸ்டர், கையில வேணாம், இடுப்புல போடுங்க." ஊசி அறையில் நாள் தவறாமல் காதில் விழும் வேண்டுகோள் இது. இடுப்பில் போட்டால்தான் மருந்து நன்றாக இறங்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. கையில் போட்டால் நாளைக்குச் சித்தாள் வேலைக்குப் போக முடியாதே என்பது இன்னொருவரின் கவலை. இரண்டும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடத்தை முடிவு செய்வது மருந்தும், அதன் அளவும், நோயாளியின் வயதும் உடல்வாகும்தான். வார்டில் ஊசி போட்டும், இப்போது நர்சிங் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிற எனக்கு, இந்தக் கணக்கு நோயாளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆசை உண்டு.

தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசை. எந்த அடுக்கில் மருந்து போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தோலுக்குள்ளேயே நிற்க வேண்டியது. இடது மேல்கைத் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைக் கிட்டத்தட்ட படுக்கவைத்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில் நுழைக்கிறோம். மருந்து வெறும் 0.05 மில்லி. சரியாக இறங்கினால் மிளகளவில் வெளுத்த கொப்புளம் எழும். எழவில்லை என்றால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். சில வாரங்களில் அந்த இடம் சிவந்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். அதற்கு மஞ்சள் பற்றோ களிம்போ தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

தசை ஊசியில் இந்த நிதானத்தோடு எச்சரிக்கையும் சேர வேண்டும். அங்கே ஊசி செங்குத்தாக, 90 டிகிரியில் இறங்குகிறது. நம் ஊரில் 'இடுப்பு ஊசி' என்று சொல்வது பெரும்பாலும் புட்டத்தில் போடுவதைத்தான். அதன் நடுவழியாகக் காலுக்கு இறங்குகிறது சயாட்டிக் நரம்பு, உடம்பிலேயே தடித்த நரம்பு. அதனால்தான் புட்டத்தை நான்காகப் பிரித்து, மேற்புற வெளிப்பக்கக் கால்பகுதியில் மட்டுமே போட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கிறார்கள். இடம் தவறி நரம்பில் பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். குழந்தைகளுக்கு இப்படி நேர்வதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பருத்த உடலில் வேறொரு சிக்கல்: ஊசி கொழுப்போடு நின்றுவிடும், தசையைத் தொடவே தொடாது.

இதைவிடப் பத்திரமான இடம் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கிறது. 1950-களில் ஸ்விட்சர்லாந்தின் ஹோக்ஸ்டெட்டர் அதை விவரித்தார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறோம். வலது இடுப்பு என்றால் நம் இடது கை. தொடையெலும்பு மேலே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகம் பதிய வேண்டும். ஆள்காட்டி விரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட, நடுவிரலைப் பின்னால் விரித்தால், இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் கிடைக்கும். அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய ரத்தக்குழாயும் இல்லை. பாடப்புத்தகங்கள் இதைப் பரிந்துரைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் வார்டுகளில் பழைய இடத்துக்கே கை போகிறது. இது மாறியாக வேண்டும். மாணவிகளை ஒருவர் இடுப்பை ஒருவர் தொட்டு எலும்பை உணரவைத்த பிறகே நான் சிரிஞ்சைக் கையில் கொடுக்கிறேன்.

மேல்கையில் இருப்பது சிறிய தசை. தோள்பட்டை எலும்பின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழேதான் இடம். பொதுவாக ஒரு மில்லிக்கு மேல் அங்கே தாங்காது. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் முழங்கைப் பக்கம்தான் தெரியும், அங்கே போட்டால் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பில் படலாம். சட்டைக் காலரை இழுத்துவிட்டு மேலிருந்து போட்டால் மூட்டுக்குள் இறங்கிவிடலாம். கூச்சம் இயல்பு. நாங்கள் திரையை இழுத்துவிடுகிறோம், நீங்கள் தோளை முழுதாகக் காட்டுங்கள்.

நாய்க்கடிக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் இன்னும் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்படுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. அளவு அதிகம் என்பதால் வயிற்றில் போட்டார்கள். இந்தியாவில் அதை நிறுத்திச் சுமார் 20 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அரசு மருத்துவமனைகளில் இரு தோள்களிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுகிறோம். இந்தத் தடுப்பூசியைப் புட்டத்தில் போடவே கூடாது. அங்கே போட்டால் போதிய எதிர்ப்புச் சக்தி உருவாகாது. தவறினால் உயிரே போகும் நோய் இது.

கைக்குழந்தைக்குத் தொடைதான். நடக்கப் பழகாத குழந்தையின் புட்டத்தில் தசை வளர்ந்திருக்காது. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி இடது தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கத்துக்குச் சற்று வெளியே இறங்குகிறது. போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், பாட்டி சொன்னாலும்.

வீட்டில் தாமே ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளிடம் ஒன்று கேட்பேன்: "தினமும் எங்கேங்க போடறீங்க?" பலரும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். விரலால் தடவினால் கொழுப்புக் கட்டி உருண்டு தட்டுப்படும். வலிக்காது என்பதால் அதே இடம் அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் அந்தக் கட்டியிலிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது, சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள். கட்டியிலிருந்து புது இடத்துக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டிவரலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக் கடையில் வாங்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஊசிக்கு வரும் நாளில் தளர்வான கை வைத்த உடுப்பு போட்டு வாருங்கள். புது உறை பிரிக்கப்படுவதைக் கண்ணால் பாருங்கள். என்ன மருந்து, ஏன் இந்த இடம் என்று கேளுங்கள். கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், பதில் சொல்வது எங்கள் வேலையில் சேர்ந்தது.