பொம்மை ராஜ்யங்கள் – 9: குடித்து மாண்ட பூனைகள்

கணிப்பொறி விளையாட்டுகளில் நாம் நடத்தும் இந்தப் பொம்மை ராஜ்யங்களின் குடிகள் எதை உண்டு உயிர் வாழ்கிறார்கள் என்பதைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம் ரிம்வேர்ல்ட் என்னும் விளையாட்டில் நாய் பூனைகளுக்கென்று தயாராகும் கிப்பிள் தீனியின் கணக்கை விஸ்தரிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நாளைக் காலைக்குள் கட்டுரை வந்தாக வேண்டும் என்று ஆசிரியர் தொலைபேசியில் ஞாபகப்படுத்தியபிறகு எழுத உட்கார்ந்த என் காரியத்துக்குக் குறுக்கே ஒரு பூனை வந்துவிட்டது. ஒரு பூனையா? ஒரு கூட்டமே வந்தது. அதுவும் குடித்து மாண்ட பூனைகளின் கூட்டம்.

டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006இல் முதன்முதலாக வெளியிட்டு, அன்று தொட்டு ஓயாமல் திருத்தியும் பெருக்கியும் வருவதும், நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டதுமான டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்னும் விளையாட்டில், சித்திரக்குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை அமைத்துக் குடியேறுகிறார்கள். நாம் அவர்களைக் கைபிடித்து நடத்த முடியாது. இன்ன வேலை நடக்கட்டும் என்று உத்தரவிட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம். சகோதரர்கள் நுணுக்கத்துக்குப் பேர்போனவர்கள். பசுவுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல் நிலம் வேண்டும்; 2011 முதல், புல்லில்லாத குகைக்குள் அடைத்தால் அவை பட்டினியால் மடியும். ஆனால் அதே ராஜ்யத்தில் நாய்க்கும் பூனைக்கும் ஆகாரமே வேண்டியதில்லை! தி. நகரில் எங்கள் உறவுக்காரப் பையன் கோட்டை கட்டிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்த நான், வாசலில் காவலுக்குக் கட்டிவைத்த நாய்க்கு யார் சோறு போடுகிறார்கள் என்று விசாரித்தேன். “அதுக்குப் பசிக்காது பெரியப்பா, நீங்க கவலைப்படாதீங்கோ” என்றான். எனக்கென்னவோ கவலை தீரவில்லை.

இவ்விதம் வயிறில்லாமல் சிருஷ்டிக்கப்பட்ட பூனைகள்தான் 2015 டிசம்பரில் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. அப்போது புதிதாக வந்த பதிப்பில் குள்ளர்கள் கூடிக் களிக்க மதுச்சாலைகள் ஏற்பட்டிருந்தன. அந்த மதுச்சாலைத் தரையில் பூனைகள் வாந்தியெடுத்துச் செத்துக் கிடப்பதாக விளையாடுகிறவர்கள் முறையிட, டார்ன் ஆடம்ஸ் துப்பறியப் புறப்பட்டார். பூனைக்கு மதுவின் மேல் ஆசை உண்டென்று அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. குடிக்கிற குள்ளன் கோப்பையைச் சிந்துவான் என்பது ஒரு விதி. சிந்திய திரவம் அதை மிதிக்கிறவர் காலில் ஒட்டும் என்பது இன்னொரு விதி. பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்பது மற்றொன்று. நக்கப்பட்டது உள்ளே போகும் என்பது அடுத்தது. உள்ளே போனது மதுவானால் உடம்பின் எடைக்கேற்ப வெறி ஏறும் என்பது கடைசி. இவற்றில் எதுவும் குற்றமில்லாதது, எல்லாம் உலக நடப்பு. ஒரே ஒரு பிசகு இருந்தது: பாதத்தில் ஒட்டிய துளியை நக்கினாலும் ஒரு கோப்பை முழுவதும் குடித்ததாகக் கணக்கு ஏறியது. குள்ளனுக்கு ஒரு கோப்பை உல்லாசம்; அவன் காலைச் சுற்றி வந்த சின்னஞ்சிறு ஜீவனுக்கோ அது விஷம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பூனையின் வயிற்றை அடியோடு மறந்துபோன ஒரு பிரம்மா, அதன் நாக்கை மட்டும் இத்தனை சிரத்தையோடு நினைவு வைத்திருந்தார் என்பதை என்னவென்று சொல்வது! பசியால் சாகமுடியாத பிராணி சுத்தத்தால் செத்தது. தி. நகர் பஸ்லுல்லா ரோடில் வசித்த ராஜாஜி, 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது ஏழைக் குடும்பங்களை நினைத்தாரே ஒழியப் பூனைகளை நினைத்திருக்க மாட்டார். ஆயினும் அவருடைய கட்சிக்கு இதைவிட அப்பழுக்கற்ற சாட்சி அகப்படுவது அரிது.

அந்தக் கோட்டையில் பூனையை யாரும் வளர்ப்பதற்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. பூனைதான் தனக்குப் பிடித்த குள்ளனை எஜமானனாக வரித்துக்கொள்ளும். வரித்த பிறகு அதைக் கசாப்புக்கு அனுப்ப வழியில்லை. எனவே அவை பல்கிப் பெருகி, கணிப்பொறியே திணறி நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆண் பிராணிகளுக்குக் கருத்தடை செய்யும் ஏற்பாடு இந்த விளையாட்டில் பிற்பாடுதான் புகுந்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய நம் சென்னை புளூ கிராஸ், தெரு நாய்களுக்கு அதை 1964லேயே செய்யத் தொடங்கிவிட்டது என்பதை இந்த இடத்தில் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ரிம்வேர்ல்டின் போக்கு வேறு. கனடாக்காரரான டைனன் சில்வெஸ்டர் உருவாக்கி, 2018 அக்டோபரில் முழுமைபெற்று வெளிவந்த இந்த விளையாட்டில் வயிறு இல்லாத ஜீவன் கிடையாது. நாய் பசித்தால் எதிர்ப்பட்டதைத் தின்னும். குடியேறியவர்களுக்கென்று சமைத்து வைத்த சாப்பாட்டையும் விடாது. ஆகவே விளையாடுகிறவர் தரையில் ஓர் எல்லை வரைந்து, இதற்குள்தான் நீ நடமாடலாம் என்று அதற்கு விதிக்கிறார். நாயும் கீழ்ப்படியும். எவ்வளவு தூரம் கீழ்ப்படியும் என்றால், எல்லைக்குள் தீனி வைக்க எஜமானர் மறந்துவிட்டால், கோட்டுக்கு அப்பால் களஞ்சியம் நிறைந்திருக்கப் பார்த்தபடியே பட்டினி கிடந்து சாகும். அதனோடு பாசப்பிணைப்பு ஏற்பட்டிருந்த மனிதர், அதன் மரணத்தால் மனமுடைந்து நெடுநாள் வேதனைப்படுவார். சமையலறையை நிர்வகிக்கத் தெரியாதவர் நாய் வளர்க்கலாகாது என்பதை இதைவிடக் கடுமையாகப் போதிக்கிற விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தபோது, 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு ஞாபகத்துக்கு வந்தது. தெருவில் கண்ட இடத்தில் நாய்களுக்குச் சோறு போடக்கூடாது. ஒவ்வொரு வார்டிலும் அதற்கென்று ஓர் இடத்தை நகராட்சி ஒதுக்க வேண்டும் என்பது அதன் ஓர் அம்சம். அடையாறு காந்தி நகரிலும் மந்தைவெளியிலும் இரவு ஓய்ந்தபின் சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கிவருகிற அம்மாள்மாருக்கு இடம் காட்டிவிடலாம். நாய்களுக்கு யார் காட்டுவது? கோடு வரைந்தவுடன் கீழ்ப்படியும் நாய் திரையில்தான் உண்டு.

பிராணிக்கு உணவிடுவது தயவா, கடமையா என்ற பிரச்சினையை அடையாறில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் வெகு காலத்துக்கு முன்பே நிர்ணயித்துவிட்டார். ராஜ்யசபையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவின் பலனாக உருவான 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், தன் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடுக்கத் தவறுவதைக் குற்றமாக்கியது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தக் குற்றத்துக்கு முதல் முறை விதிக்கப்படும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இன்றைய சந்தையில் அந்தத் தொகைக்கு நாய்த் தீனிப் பொட்டலம் கூடச் சரியாக அகப்படாது என்பது வேறு விஷயம். சட்டத்தின் கருத்து ரிம்வேர்ல்டின் கருத்துதான்: சொந்தம் கொண்டாடுகிறவனே சோறு போட வேண்டும். பூனைகளின் மேல் எனக்கு எவ்வளவு மோகம் இருந்தாலும், வளர்ப்புப் பிராணி விஷயத்தில் குள்ளர் கோட்டையைவிட ரிம்வேர்ல்டே யோக்கியமான விளையாட்டு என்பது என் தீர்ப்பு.

கிப்பிளுக்கு இடமில்லாமல் போய்விட்டது. இருபது பங்கு இறைச்சியும் இருபது பங்கு வைக்கோலும் சேர்ந்து ஐம்பது கிப்பிளாகும் அந்த ரசவாதத்தையும், வைக்கோலை முகர்ந்தும் பாராத நாய் அதையே கிப்பிளாக்கிக் கொடுத்தால் ரசித்துத் தின்பதையும் அடுத்த வாரம் நிச்சயமாக எழுதுகிறேன். விளையாடுகிற வாசகர்கள் அதற்குள் தங்கள் நாய்களின் எல்லைக்குள் தீனி இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடவும்.