கணக்கேடும் அதன் படியும்

வரவு செலவை ஏட்டிற் குறித்து வைத்தல் நம்மவர்க்குப் பழைய வழக்கம். இந்நாளில் அவ்வேட்டின் இடத்தைக் கணனி கொண்டுள்ளது. வங்கி இருப்பு, சேமலாப நிதி, ஓய்வூதியம், கடன் ஆகிய யாவும் ஒரே கோப்பினுள் அடங்கிவிடுகின்றன. வன்தட்டு பழுதுற்றால் பல்லாண்டுக் கணக்கும் ஒருங்கே மறையும்.

படியெடுத்தலே இதற்குக் காப்பு என்பதை யாவரும் அறிவர். ஆயின், எடுத்த படியெல்லாம் காப்பாகுமா? குனுகாஷ் என்னும் இலவச மென்பொருளை நோக்குவோம். கணக்கைக் கோப்பாகச் சேமிக்குந்தோறும் அது முந்திய கோப்பை, நாளும் நேரமும் பெயரிற் பொறித்துத் தனியே வைக்கின்றது. நாம் மாற்றாவிடின் 30 நாள்வரை பேணுகின்றது. நேற்றைய பிழையைத் திருத்த இது போதும். ஆனால், அப்படிகள் மூலக்கோப்பின் அருகிலேயே கிடத்தலால், தட்டு அழியின் அவையும் உடனழியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, பிறிதோரிடத்திற் படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலின், ஒரு படி வேறொரு தட்டிலும், மற்றொன்று வேறோர் இல்லத்திலோ இணையச் சேமிப்பகத்திலோ இருத்தல் வேண்டும். பழைய படியின்மேற் புதியதை எழுதுதல் தவறு; மூலத்திற் புகுந்த பிழை படியிலும் புகுந்துவிடும்.

இனி, மீட்டல். திறந்து பார்த்தாலன்றிப் படி நலமாயுள்ளதா என அறிய இயலாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படியை வேறு பெயருடன், இயலுமாயின் வேறொரு கணனியில், திறந்து, இறுதிப் பதிவையும் வங்கி இருப்பையும் ஒப்புநோக்குக. உண்மையாகவே இழப்பு நேர்ந்தவிடத்துப் பழுதுற்ற கோப்பை அழியாது ஒதுக்கி வைத்த பின்னரே மீட்கத் தொடங்குக.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் ‘மணி’ மென்பொருளின் விற்பனையை 2009 இல் நிறுத்தியது. அத்தகைய மென்பொருள் தனக்கேயுரிய வடிவிற் சேமிக்கும் படியைப் பிற மென்பொருள்கள் திறக்க மாட்டா. எனவே, ஆண்டிறுதியிற் பதிவுகளை எளிய எழுத்துக் கோப்பாகவும், இருப்பு விபரத்தைத் தாளிலும் எடுத்து வைத்தல் நன்று.

கணக்கெழுதியவர் இல்லாத நாளில், கொடுக்க வேண்டியதையும் பெற வேண்டியதையும் வீட்டார் அறிதற்கு அக்கணக்கே சான்று. படி உள்ள இடம், கடவுச்சொல், திறக்கும் முறை ஆகியவற்றை எழுதி, நம்பத்தக்க ஒருவரிடம் இன்றே ஒப்படைத்தல் இல்லத்தலைவர் கடனாகும்.