பெட்டிக்கு எங்கே பிரேக்?

ராணுவம் கழித்துவிட்ட சாமான்களுக்கு நம்மூரில் எப்போதும் தனி மவுசு. ஜீப்பில் தொடங்கிக் கூடாரத் துணி வரை, 'மிலிட்டரி டிஸ்போசல்' என்று சொன்னாலே பேரம் பேசுகிறவரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் நடத்தும் இணைய ஏலங்களில் லாட் கணக்கில் போகும் பழைய வாகனங்களுக்கு நடுவே டிரெய்லர்களும் இருக்கும். சரக்குப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் சுமந்த வண்டி என்று பல வகை. தகடு தடிமனாக இருக்கும், அச்சு கனமாக இருக்கும், இரும்பைச் சிக்கனம் பிடித்த அடையாளம் எங்கும் தெரியாது. வாங்கியவர் முதல் வேலையாக ஆலிவ் பச்சையை மாற்ற வேண்டும். மோட்டார் வாகன விதிகள் அந்த நிறத்தைப் படைகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கின்றன. வேறு நிறம் அடித்து, பதிவையும் முடித்துவிட்டால், அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ ஒரு டிராக்டருக்குப் பின்னால் இன்னும் இருபது வருடம் நெல்லும் வாழைத்தாரும் சுமக்கும்.

சிக்கல் பிரேக்கில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் வண்டியை வீட்டுக்கு இழுத்து வரும் வழியிலேயே.

நம் பக்கத்து டிராக்டர் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. இரண்டு சக்கரம், ஓர் அச்சு, இழுவைக் கம்பி, அதன் நுனியில் பின் மாட்ட ஓர் ஓட்டை, அவ்வளவுதான் வண்டி. பிரேக் எங்கே என்று பட்டறையில் கேட்டால், "டிராக்டர்ல இருக்குல்லா அண்ணாச்சி, பொறவு பெட்டிக்கு எதுக்கு?" என்று பதில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் வேறு என்று தெரியும்.

டிராக்டரின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. அந்தச் சக்கரங்கள் தாங்குவது ஏறக்குறைய 1.2 டன். பின்னால் பாரத்தோடு 6 டன் பெட்டி. அதில் 1 டன் கொக்கி வழியாக டிராக்டரின் மேல் அமர்கிறது. ஆக, பிரேக் உள்ள சக்கரங்களின் மேல் இருப்பது 2.2 டன், நிறுத்த வேண்டியது 8 டன். சக்கரம் எவ்வளவு இறுகப் பிடித்தாலும், தன் மேல் உள்ள எடைக்கும் சாலையின் உராய்வுக்கும் ஏற்ற அளவுக்குத்தான் வண்டியை நிறுத்த முடியும். அதற்கு மேல் மிதித்தால் டயர் தேயும், வண்டி வழுக்கும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று கொள்வோம். காய்ந்த தார்ச்சாலை, சமதரை. டிராக்டர் தனியாக வந்தால் பிரேக் பிடித்த பிறகு 10 மீட்டருக்குள் நின்றுவிடும். பெட்டியோடு வந்தால் 22 மீட்டர். பரவாயில்லை, சமாளிக்கலாம். பதினைந்து அடிக்கு ஓர் அடி சரியும் இறக்கமாக இருந்தால் 37 மீட்டர். அதே இறக்கத்தில் மழை பெய்து, உராய்வு பாதியாகிவிட்டால்? 200 மீட்டரைத் தாண்டுகிறது. நடைமுறையில் இதற்கு 'நிற்காது' என்றுதான் அர்த்தம். இப்போது பெட்டியின் சக்கரங்களுக்கும் பிரேக் கொடுத்து, அதே மழையில் அதே இறக்கத்தில் இறக்கிப் பாருங்கள். 8 டன்னில் 7.2 டன் பிரேக் உள்ள சக்கரங்களின் மேல் இருக்கிறது. 17 மீட்டரில் நின்றுவிடும். இவையெல்லாம் தோராயக் கணக்குகள், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரமும் இதில் சேரவில்லை. ஆனால் இருநூறுக்கும் பதினேழுக்கும் உள்ள தூரத்தை எந்தத் தோராயமும் மறைத்துவிடாது.

தாமிரபரணிச் சமவெளி இந்தக் கணக்கை மறைத்தே வைத்திருக்கிறது. கயத்தாறு, கங்கைகொண்டான் வழியாக நான்குவழிச் சாலையில் வரும்வரை பிரேக் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கியரைக் குறைத்தால் எஞ்சினே இழுத்துப் பிடித்துவிடும். முதல் சோதனை திருநெல்வேலி சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்து இறக்கத்தில் வரலாம். உண்மையான சோதனை மேற்கே இருக்கிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் மலைச்சாலை, மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை, சிற்றாற்றுப் படுகையின் தலைமாட்டில் செங்கோட்டையைத் தாண்டி வரும் புளியரை. அங்கே இருக்கும் 'எஸ்' வளைவில் லாரி கவிழ்ந்தது என்ற செய்தி நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

வளைவு ஏன் இன்னும் மோசம்? மாட்டுவண்டி ஓட்டியவர்கள் அறிந்ததுதான்: இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ள, நுகம் முன்னேறி மாட்டின் பிடரியை நெருக்கும். டிராக்டர் பெட்டியும் அப்படியே கொக்கி வழியாக டிராக்டரை முன்னே தள்ளுகிறது. இரண்டும் நேர்க்கோட்டில் இருந்தால் அது வெறும் தள்ளல். வளைவில் இரண்டுக்கும் நடுவே கோணம் விழுந்திருக்கும்போது, அந்தத் தள்ளலின் ஒரு பகுதி டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும். பின்சக்கரம் ஏற்கெனவே பிரேக்கில் இறுகி வழுக்கிக்கொண்டிருந்தால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. டிராக்டர் பெட்டியோடு மடங்கிவிடும். டிராக்டருக்கே உரிய இன்னோர் ஆபத்தும் இங்கே சேர்கிறது. வயலில் சட்டென்று திரும்புவதற்காக இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால், மடங்குவதற்கு வளைவுகூடத் தேவையில்லை.

ஆக, பிரேக்கோடு வரும் ராணுவ டிரெய்லர் நமக்குக் கிடைத்த வரம் என்றுதானே எண்ணத் தோன்றும்? அங்கேதான் அடுத்த தொல்லை. அந்தப் பிரேக் பெரும்பாலும் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டதோ அந்த வண்டியோடு மட்டுமே பேசும்.

எல்லா ராணுவ டிரெய்லருக்கும் ஒரே ஏற்பாடு கிடையாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ஜீப்பின் கால் டன் டிரெய்லருக்கு ஓட்டத்தில் பிடிக்கும் பிரேக்கே இல்லை. நிறுத்திவைக்க ஒரு கைப்பிரேக் மட்டும் உண்டு. பிரிட்டிஷ் படை லேண்ட்ரோவருக்குப் பின்னால் இழுத்த சாங்கி டிரெய்லர் வேறு விதம். முன்வண்டி வேகத்தைக் குறைத்ததும் பின்வண்டி முட்டிக்கொண்டு வரும் அல்லவா, அந்த முட்டலே இழுவைக் கம்பியை உள்ளே தள்ளும், உள்ளே போகும் தண்டு ஒரு நெம்புகோலை இழுக்கும், நெம்புகோல் சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஷூவை விரிக்கும். முன்வண்டியிலிருந்து குழாயோ கம்பியோ எதுவும் வர வேண்டாம். எந்த டிராக்டருக்குப் பின்னாலும் வேலை செய்யும். என்னைக் கேட்டால் நம் வயல்காட்டு வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பிரேக் இல்லை.

ஆனால் கிடங்கில் பல வருடம் நின்ற வண்டியில் இந்தத் தண்டு துருவேறி இறுகிப்போயிருக்கும். முட்டினாலும் உள்ளே போகாது, பிரேக் இல்லாத பெட்டிதான். அல்லது உள்ளே போய் வெளியே வராது, பிரேக் பிடித்தபடியே பெட்டி இழுபட்டு வரும். பின்னோக்கி எடுக்கும்போதும் தண்டு உள்ளே போய்ப் பிரேக் பிடித்துவிடும் என்பதால் பழைய வகைகளில் அதைத் தடுக்க ஒரு கொண்டி வைத்திருப்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும் எரிச்சலில் அந்தக் கொண்டியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு, அவிழ்க்காமலே சாலைக்கு வந்துவிடுவது வழக்கமான கதை. போதாக்குறைக்கு வளையம். ராணுவ டிரெய்லரின் வளையம் பெரிய ராணுவக் கொக்கிக்கு அளவெடுத்தது, உள்விட்டம் ஏறக்குறைய 3 அங்குலம். அதில் டிராக்டரின் ஒல்லிப் பின்னைச் செருகினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் 'டங்' என்று ஓர் அடி விழும். அந்த அடி பின்னையும் தின்னும், தண்டையும் தின்னும்.

பெரிய டிரெய்லர்களுக்குக் காற்றுப் பிரேக். இதைப் புரிந்துகொள்ள ரயிலிடம் போக வேண்டும்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற முதல் காற்றுப் பிரேக் நேரடியானது: எஞ்சினிலிருந்து குழாய் வழியே காற்றழுத்தம் அனுப்பினால் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக் போச்சு. 1872இல் அவர் அதைத் தலைகீழாக்கித் தானியங்கிப் பிரேக்காக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்த காற்றைக் கொண்டு அந்தந்தப் பெட்டியே பிரேக்கைப் போட்டுக்கொள்ளும். குழாய் அறுந்தாலும், பெட்டி கழன்றாலும், நிற்பதுதான் அதன் இயல்பு.

இதன் மதிப்பை உலகம் ரத்தத்தில் கற்றது. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள் நிறைந்த உல்லாச ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ரயிலின் பிரேக் காற்றழுத்தத்துக்குப் பதில் வெற்றிடத்தால் இயங்குவது, தானியங்கி வகையும் அல்ல. குழாயைப் பிரித்த கணமே பின்பாதிப் பெட்டிகளுக்குப் பிரேக் இல்லை. கார்டு வண்டியின் கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கற்களும்தான் துணை. எஞ்சின் லேசாகப் பின்வாங்கி இடித்ததில் கற்கள் நொறுங்கின. உருண்டு இறங்கிய பெட்டிகள் அடுத்து வந்த ரயிலோடு மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே வருடம் பிரிட்டன் பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கிப் பிரேக்கைச் சட்டமாக்கியது. 1904இல் திறந்த செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில், பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் முட்டுக் கொடுக்க மீட்டர் கேஜ் ரயில்கள் ஏறி இறங்கியது இந்தத் தத்துவத்தை நம்பித்தான். அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சாலையில் இன்றும் பிரேக் இல்லாத பெட்டிகள் போகின்றன. சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க, ஒரு செங்கல் தயாராகப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

காற்றுப் பிரேக் டிரெய்லருக்கு லாரியிலிருந்து இரண்டு குழாய்கள் போகும். சிவப்புக் குழாய் எப்போதும் காற்று நிரப்புவது. அறுந்தால் டிரெய்லர் தன் சொந்தத் தொட்டிக் காற்றில் பிரேக் போட்டுக்கொள்ளும். மஞ்சள் குழாய் 'இவ்வளவு பிடி' என்று சொல்வது. சாதாரண டிராக்டரில் கம்பிரசர் கிடையாது. இரண்டு குழாயும் தொங்கிக்கொண்டு வரும். அப்போது வண்டி என்ன செய்யும் என்பது அதன் வயதைப் பொறுத்தது. பழைய வகையில் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பதும் காற்றுதான். சில மணி நேரத்திலோ சில நாளிலோ காற்று கசிந்து தீர்ந்ததும் பிரேக் தானாக விலகிவிடும். சரிவில் நிறுத்திக் கைப்பிரேக் போடாமல் போனவர் மறுநாள் வந்து பார்த்தால் வண்டி வேறிடத்தில் இருக்கும். பிந்தைய வகையில் கனத்த ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கிறது, காற்று அதை விலக்குகிறது. காற்று இல்லையென்றால் வண்டி நகராது.

நகராத வண்டிக்குப் பட்டறை சொல்லும் வைத்தியம் எளிது: ஸ்பிரிங்கைப் போல்ட் போட்டு இறுக்கி அடக்கிவிடுவது. கிடங்கிலிருந்து நகர்த்த அது சரியான முறைதான், ஸ்பிரிங் அறையிலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அடக்கிய ஸ்பிரிங்கோடு ஊர் வரை வந்து, அப்படியே பாரமும் ஏற்றத் தொடங்கினால், பிரேக் உள்ள வண்டியை வாங்கிப் பிரேக் இல்லாததாக மாற்றியதாக ஆகும். கனமான தகட்டுக்கு ஆசைப்பட்டதால் பெட்டியின் வெற்று எடையும் கூடியிருக்கிறது.

இதற்கு எதிர்ச்சிக்கல், பாதி விலகிய பிரேக். ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும், இறக்கம் தொடங்கும் முன்பே டிரம் சூடாகிவிடும். நம் 8 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 78 லட்சம் ஜூல். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்துவதைப்போல 28 மடங்கு. 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் ஏற்றுக்கொள்ளாத அத்தனையும் டிரம்முக்குத்தான் போகும். சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். மிதிக்க மிதிக்கப் பிரேக் பிடிக்காது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர் எஞ்சின் ஏற்கவேண்டிய பங்கையும் டிரம்மின் தலையிலேயே கட்டுகிறார். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்தால், அடுத்த கியர் விழும்வரை பெட்டிதான் ஓட்டுநர்.

ஆகவே ஏலத்தில் எடுத்த வண்டியை இழுக்கும் முன், நாலு இடத்தைப் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தே பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிரேக் என்றால் ரப்பர் வாஷர் அத்தனையும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதி அடைத்துக்கொள்ளும். ராணுவ வண்டியின் மின்சாரம் பொதுவாக 24 வோல்ட், டிராக்டர் 12 வோல்ட். பல்பை மாற்றாவிட்டால் பிரேக் விளக்கு மினுக்குவது பின்னால் வருகிறவர் கண்ணில் படாது. கொக்கி கழன்றாலும் வண்டி போய்விடாதபடி இழுவைக் கம்பிக்கு அடியில் இரண்டு சங்கிலி குறுக்காகப் போட வேண்டும்.

புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில், சில முறை பிரேக் பிடித்த பிறகு ஓரங்கட்டி, புறங்கையை இரண்டு டிரம்முக்கும் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் அனல் அடித்தால் அங்கே ஷூ உரசுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் நல்லது. ஒரு பக்கம் சில்லென்று இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அந்தச் சக்கரம் இன்னும் பிரேக்கே பிடிக்கத் தொடங்கவில்லை.